வந்துக்கினே கீறேன்

ரத்னம்மா அன்று காலை மூன்றாவது தடவையாக இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை முறைத்துக்கொண்டிருந்தபோது, லோயிஸின் மடியில் கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. சித்தூர் கிரீம்ஸ்பேட்டைக்கு அப்பால் இருந்த காலி மைதானத்தில் அந்த வெள்ளைக் கார் குறுக்காக நின்றது. காரின் முதுகில் 'பெத்தேல் டிரைவிங் ஸ்கூல்' என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு சிவப்பு எல். லோயிஸ் இடது பக்கத்து இருக்கையில் இருந்தாள். அந்த இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு அந்த இரண்டு மிதிகளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொள்ள வருபவர்கள் சாலையைப் பார்ப்பார்கள். அவள் அவர்களுடைய பாதங்களைப் பார்ப்பாள். எந்தக் கால் பயப்படுகிறது, எந்தக் கால் அவசரப்படுகிறது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

"கால எடு ரத்னம்மாக்கா, மெதுவா எடு. பாம்ப மிதிச்ச மாதிரி ஏன் எகிற்ற?"

"நான் எங்க எகிற்றேன். அதுவே எகிறுது," என்றாள் ரத்னம்மா. காணிப்பாக்கம் கோயில் தெருவில் தேங்காய், பூ விற்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. மகன் ஐதராபாத்துக்கு வேலைக்குப் போகும்போது வீட்டு வாசலில் விட்டுப்போன காரை ஏழு மாதம் துடைத்துத் துடைத்தே பார்த்துவிட்டு, ஒருநாள் ரோஷம் வந்து லோயிஸிடம் வந்து சேர்ந்தவள்.

லோயிஸ் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் நாற்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை, ஒரு பிள்ளைக்குத் தாய், சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசைக் குரல், இருக்கையிலேயே ஒரு குதி குதித்தாள். 'பிடுகு' புதுப் பாட்டு போட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து.

பிடுகு என்றால் தெலுங்கில் இடி. திருப்பதிப் பையன்கள் நான்கு பேர், மூன்று கிடார், ஒரு டிரம் செட், பன்னிரண்டு வருடமாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாடகன் ராஜுக்குத் தொண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லி உடைக்கும் இயந்திரம் இருந்தது. காரில் வகுப்பு நடக்கும்போதே லோயிஸ் அவர்கள் பாட்டைப் போட்டுவிடுவாள். கற்றுக்கொள்ள வந்த ஒரு ரெவின்யூ அதிகாரி இரண்டாம் நாளே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. லோயிஸின் கணவன் சாம் மட்டும் சமாதானமாகி, "வியாழக்கிழமை ஜெபத்துக்கு வர்றவங்க காதுல விழாம வெச்சிக்கோ" என்று ஒரே ஒரு நிபந்தனையோடு நிறுத்திக்கொண்டான்.

எதற்காக இந்தப் பைத்தியம் என்று யார் கேட்டாலும் லோயிஸ் சிரித்து மழுப்புவாள். காரணம் அவளுக்குத் தெரியும். சித்தூரில் படித்த தெலுங்குப் பள்ளியில் அவள் பெயர் 'அரவப் பிள்ள'. தமிழச்சியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சரி, தமிழ்நாடு நம்மை ஏற்றுக்கொள்ளும் என்று வேலூருக்குத் தட்டெழுத்துப் படிக்கப் போனால், விடுதியில் முதல் நாளே "சாப்புட்டுக்கினு வரேன்" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து இரண்டு வருடம் அவள் பெயர் 'கினு'. "கினு வந்துட்டாளா, கினு போய்ட்டாளா?" அதற்கப்புறம் லோயிஸ் தமிழை வீட்டுக்கும் சபைக்கும் என்று வைத்துக்கொண்டாள். வெளியே எல்லாம் பள்ளிக்கூடத் தெலுங்கு, அளந்து பேசும் தெலுங்கு. இருபத்தொன்பது வயதில் திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில் அந்த நான்கு பையன்கள் கத்துவதை முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அது என்ன மொழி என்று கேட்க வேண்டியதே இல்லை. கத்தலுக்கு எந்த ஊரும் கிடையாது, யாரும் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்ய முடியாது.

இன்று பிடுகு ரசிகர் குழுவில் அறுநூறு பேர். குழுவை நடத்துபவள் லோயிஸ் அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான். ராஜை ஏழெட்டு முறை நிகழ்ச்சிக்குப் பின் பார்த்துப் பேசியிருக்கிறாள், எல்லாம் தெலுங்கில். அவள் தமிழ் வீட்டுப் பெண் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. 'அரவப் பாட்டு' என்று யாராவது நக்கலாக ஏதாவது போட்டால், எல்லாரோடும் சேர்ந்து அவளும் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். போட்டபின் கொஞ்ச நேரம் மனசு என்னவோ செய்யும்.

"அஞ்சு நிமிஷம் தண்ணி குடிக்கா," என்று ரத்னம்மாவிடம் சொல்லிவிட்டு, பாட்டைக் காரின் ஸ்பீக்கரில் போட்டாள். சத்தத்தை முழுதாக ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தாள்.

இடி வரவில்லை. ஒரே ஒரு கிடார், கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி சுத்தமான ஓசையோடு நிதானமாக நடந்தது. டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து விநாடி போனது, இருபது போனது. இதற்கா இரண்டு வருடம்? கல்யாண வீட்டுக்கு வாசிக்கக் கிளம்பிவிட்டார்களா? இந்தப் பையன்களுக்காகப் பாடகர் குழு ஒத்திகையைப் பொய் சொல்லித் தவிர்த்திருக்கிறாள், ஒரு தடவை மழையில் நான்கு மணி நேரம் நின்று காய்ச்சலில் விழுந்திருக்கிறாள். துரோகிகள் என்று நினைத்தாள். நிறுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது ராஜ் வாயைத் திறந்தான்.

'நான் வந்துக்கினே கீறேன்… நீ போய்க்கினே கீற…'

லோயிஸின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போகவில்லை. சத்தத்தைக் குறைத்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று கார்க் கண்ணாடி வழியே இரண்டு பக்கமும் பார்த்தாள். மைதானத்தில் ஒரு மாடு நின்றது. அதைத் தவிர யாரும் இல்லை.

ரத்னம்மா தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா மேடம் இது, யாரு இவன்? நம்ம பேச்சு பேசறான்."

ராஜ் கத்தவில்லை. ஜல்லி இயந்திரத்துக்கு உள்ளே இத்தனை வருடம் ஒரு குரல் இருந்திருக்கிறது. கொஞ்சம் கரகரப்பாக, மேலே போகும்போது நடுங்குகிற ஒரு சாதாரணக் குரல். நகரி பஸ் நிலையத்தில் ஒருவன் நிற்கிறான். அவன் போக வேண்டிய பஸ் எப்போதும் கண் முன்னால் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது, அவன் எப்போதும் ஓடி வந்துகொண்டிருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. 'நைனா கேக்கறாரு எங்கடா கீறன்னு, நான் இன்னா சொல்ல, வழியில கீறேன்…' பாட்டு முடிந்தபோது திரையில் எழுத்து வந்தது. எழுதிப் பாடியவர்: எழிலரசன், நகரி.

எழிலரசன்! ராஜ் என்றால் அரசனா! பன்னிரண்டு வருடம்! அவளும் அவனும் எதிரெதிரே நின்றுகொண்டு, இரண்டு பேரும் கவனமாக, இலக்கணம் பிசகாமல் தெலுங்கு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். லோயிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தத்தை மறுபடி முழுதாக ஏற்றினாள், பாட்டை முதலிலிருந்து போட்டாள், கையை நீட்டி ஹாரனை நாலு தடவை அடித்தாள். மாடு மிரண்டு ஓடியது. அவளைக் 'கினு' என்று கூப்பிட்ட அத்தனை பேரையும் வரிசையாக உட்காரவைத்து இந்தப் பாட்டை நூறு தடவை போட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது தடவை பாட்டு ஓடும்போது, அதன் கீழே தன் கருத்தைத் தட்டினாள். நிறைய எழுத நினைத்தாள். அவசரத்தில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. ஆங்கில எழுத்தில், ஆச்சரியக்குறியோடு: பாடு!

அந்தச் சொல்லுக்கு அன்று முழுக்க விருப்பக்குறிகள் ஏறிக்கொண்டே போயின. மத்தியானம் முந்நூறு. சாயங்காலம் பாடகர் குழு ஒத்திகைக்குப் போகும்போது எண்ணூறு. கீழே கைதட்டும் படங்கள், நெருப்புப் படங்கள், 'கரெக்ட் அக்கா', 'நீங்கதான் அக்கா தைரியமா சொன்னீங்க'. லோயிஸுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேருக்கா பிடித்திருக்கிறது? ஒத்திகையில் அவள் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டி முதல் வரிசையின் தலைக்கு மேலே போனது. இது தவக்காலம், துக்கப் பாட்டு, கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று ஆயர் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் சனிக்கிழமை, ரத்னம்மாவின் கடைசி வகுப்பு. சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் வரை, தன் கடை வாசல் வரை, அவளே ஓட்டிப் போக வேண்டும் என்று பேச்சு. அவளை அங்கே விட்டுவிட்டு லோயிஸ் அப்படியே திருப்பதிக்குப் போவதாகத் திட்டம். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் பிடுகு வாசிக்கிறது. புதுப் பாட்டை முதல்முறையாக மேடையில் பாடப்போகிறார்கள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வண்டி முப்பதில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சுரேஷ்பாபு கூப்பிட்டான். குழுவில் லோயிஸுக்கு வலது கை மாதிரி இருப்பவன், திருப்பதிக்காரன். ஸ்பீக்கரில் போட்டாள்.

சுரேஷ்பாபு தெலுங்கில் பொரிந்து தள்ளினான். அக்கா ஒரே சொல்லில் அடித்த அடி இருக்கிறதே, அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லையாம். அந்தச் சொல்லையே பெரிய பேனராக அடித்திருக்கிறார்களாம், கீழே அக்கா பெயரோடு. அது மட்டுமா, ராஜே பணிந்துவிட்டானாம். அரை மணிக்கு முன்னால் அவன் போட்டதைச் சுரேஷ்பாபு படித்துக் காட்டினான்: 'லோயிஸ் அக்காவுக்கே பாடு என்று தோன்றிவிட்டால், அது பாடுதான். இன்று பழைய பாட்டுகள் மட்டும். புதியதை நாளைக்கு எடுத்துவிடுகிறோம். இனி அந்தப் பக்கம் போகமாட்டோம். மன்னியுங்கள்.'

லோயிஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. தமிழில் பாடு என்றால் பாட்டுப் பாடு. தெலுங்கிலும் பாடு என்றால் பாட்டுப் பாடுதான். அந்தத் தைரியத்தில்தான் தட்டினாள். ஆனால் தெலுங்கில் இன்னொரு 'பாடு' இருக்கிறது. கெட்டது, நாசமானது, உருப்படாமல் போனது. பால் திரிந்தால் பாடு, மோட்டார் எரிந்தால் பாடு. நாற்பது வருடம் தெலுங்கில் புழங்கியவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நிமிஷத்தில் அவள் தெலுங்கிலேயே இல்லை, அதுதான் நடந்தது.

"அது இல்லடா," என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். "நான் சொன்னது பாட்டுப் பாடுன்னு."

சுரேஷ்பாபு சிரித்தான். யாரோ அக்காவை மிரட்டிவிட்டார்கள் என்றான். பாட்டுப் பாடு என்றால் 'பாடண்டி' என்று மரியாதையாகத்தானே எழுதியிருப்பீர்கள், பாடகனைப் போய் யாராவது வெறும் 'பாடு' என்பார்களா? அவன் கேட்டது நியாயம்தான். தமிழில் பிரியமானவனை வெறும் பாடு என்றுதான் சொல்ல வரும். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் தமிழ், எனக்கு அது தமிழில் வந்தது என்று சொல்ல வேண்டும். லோயிஸ் அதற்குத் துணிவதற்குள் சுரேஷ்பாபு இணைப்பைத் துண்டித்துவிட்டிருந்தான்.

எழிலரசனின் எண்ணைப் போட்டாள். அணைக்கப்பட்டிருந்தது. குழுவில் எழுதினாள், நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று. ஒரே நிமிஷத்தில் முப்பது சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. 'அக்கா ஜகா வாங்கிட்டா' என்று ஒருவன். 'அரவப் பாட்டு ஒழிந்தது' என்று இன்னொருவன். ஒரு குரல் செய்தியைப் பதிவு செய்யத் தொடங்கினாள்: "நான் இன்னா சொன்னேன்னா…" அந்த 'இன்னா' காதில் விழுந்ததும் கை தானாக அழித்துவிட்டது.

ரத்னம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னாச்சி மேடம்? யாருக்கு இன்னா?" என்றாள்.

லோயிஸ் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து, ஒன்று விடாமல், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். காணிப்பாக்கம் பிரிவு வரும்போது சொல்லி முடித்தாள்.

"அப்ப நேத்து நாம கேட்ட பாட்டு இனிமே கெடையாதா?"

"கெடையாது. என்னாலதான். என் ஒரு வார்த்தையால. அவன் பன்னெண்டு வருசம் ஒளிச்சி வெச்சிக்கினு இருந்து இப்பதான் வாயத் தொறந்தான்க்கா. நான் மூடிட்டேன்."

பிரிவு வந்தது. இடது பக்கம் திரும்பினால் ரத்னம்மாவின் கடை. ரத்னம்மா திரும்பவில்லை. வண்டி நேரே போனது.

"உங்க கடைக்கா!"

"கடை எங்க போவுது, அங்கியேதான் கீது. நீ போன் பண்ணிக்கினே இரு மேடம், எவனாவது ஒருத்தன் எடுப்பான். வண்டிய நான் பாத்துக்கறேன். பர்லேது, ஒண்ணும் ஆவாது."

லோயிஸ் அவளுடைய பாதங்களைப் பார்த்தாள். முதல் வகுப்பில் மிதிகளின்மேல் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கால்கள் இப்போது திடமாக இருந்தன. லோயிஸின் வலது கால் மட்டும் ஒன்பது வருடப் பழக்கத்தில் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் காத்துக்கொண்டிருந்தது.

"அமுக்குக்கா," என்றாள் லோயிஸ். தன் வாழ்நாளில் எந்த மாணவரிடமும் அவள் சொல்லாத சொல் அது.

ரத்னம்மா அமுக்கினாள். பூதலப்பட்டில் முதல்முறையாக நான்காவது கியரைக் கண்டாள். ஒரு டிராக்டரை முந்தினாள், முந்தியபின் "அய்யோ நான்தான் முந்தினேனா?" என்று தானே கேட்டுக்கொண்டாள். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் எல் போர்டைப் பார்த்துவிட்டுத் தள்ளியே வந்தான். லோயிஸ் அந்தப் பாட்டைப் போட்டாள். நாளைக்கு இருக்காது என்று நினைத்ததும் இன்னும் பலமாக வைத்தாள். 'வந்துக்கினே கீறேன்' என்று வரும்போதெல்லாம் ரத்னம்மா ஹாரனை அடித்தாள். மேடையில் யார் யார் இருப்பார்கள், ஒலி பார்ப்பவன் எண் என்ன, டிரம் அடிப்பவனின் தங்கை எங்கே வேலை செய்கிறாள் என்று லோயிஸ் அத்தனை பேருக்கும் போட்டுப் பார்த்தாள். நிகழ்ச்சி நாளில் யார் எடுப்பார்கள்? சந்திரகிரிக் கோட்டை வலது பக்கம் வந்து பின்னால் போனது. திருப்பதிக்குள் நுழையும்போதே மணி ஐந்தரை. அதற்கப்புறம் யாத்திரை பஸ்களுக்கு நடுவில் ரத்னம்மா நான்கு தடவை வண்டியை அணைத்தாள். நான்கு தடவையும் தானே கிளப்பினாள்.

மைதானத்துக்கு வெளியிலேயே இடி கேட்டது. பழைய இடி. கார்க் கதவைத் திறந்ததும் அது உள்ளங்காலில் ஏறியது. இவ்வளவு கவலையிலும் லோயிஸின் தலை தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது, அதுவும் அவளுடையதுதான்.

வாசலில் சுரேஷ்பாபு நின்றிருந்தான். "லோயிஸ் அக்கா வச்சிந்தி!" என்று அவள் வந்துவிட்டதைக் கத்திச் சொன்னான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. பெண்ணழைப்புக்குக்கூட அவளுக்கு இவ்வளவு மரியாதை நடந்ததில்லை. முதுகில் தட்டினார்கள், கை கொடுத்தார்கள், கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மேடைக்கு நேர் எதிரே மஞ்சள் பேனரை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தெலுங்கு எழுத்தில் ஆளுயரத்துக்கு அவளுடைய ஒற்றைச் சொல். அதன் கீழே அவள் பெயர். அந்தப் பேனருக்குக் கீழே, முதல் வரிசையில், அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரத்னம்மா கார்ச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள்.

மேடையில் எழிலரசன் கறுப்புச் சட்டையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவளை ஒருமுறை பார்த்தான். பேனரைப் பார்த்தான். பார்வையை எடுத்துக்கொண்டான். கோபம் இருந்திருந்தால் லோயிஸ் தாங்கியிருப்பாள். பரீட்சையில் தோற்று வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகம்போல் இருந்தது அது. அவனுடைய காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. அதைக் காலால் மிதித்தால் கிடார் உறுமும், இன்னொரு தடவை மிதித்தால் விளக்கு அணைந்து, புதுப் பாட்டில் வந்த சுத்தமான ஓசை வரும் என்று லோயிஸுக்குத் தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் டிரம் அடிப்பவன் தண்ணீர் குடித்தான். சுரேஷ்பாபு இரண்டு கையையும் தூக்கினான். இதற்காகவே காத்திருந்த மாதிரி கூட்டம் தொடங்கியது: "பாடு! பாடு! பாடு!"

எழிலரசன் உதட்டால் மட்டும் சிரித்து, தலையை ஆட்டி, தெரிகிறது என்பதுபோல் கையைக் காட்டினான்.

லோயிஸும் கத்தினாள். "பாடு! பாடு!" தொண்டை கிழியக் கத்தினாள். கத்தும்போதே தெரிந்துவிட்டது, அவளுடைய பாடும் அவர்களுடைய பாடும் ஒன்றுதான். ஆயிரம் பேர் நாசம் என்கிற அதே இரண்டு எழுத்தில்தான் அவளும் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். மேடையிலிருந்து கேட்பவனுக்கு அவள் இன்னும் ஒரு குரல், அதுவும் முதல் வரிசையிலிருந்து, அதுவும் பேனரில் பெயர் போட்டுக்கொண்டவள். தெலுங்கில் எதைச் சொன்னாலும் இனி ஆகாது. வேறு வழி எது என்று அவளுக்குத் தெரிந்தது. வேலூர் விடுதியின் நீளமான தாழ்வாரம் முழுக்க ஒரு கணம் கண்முன் வந்து நின்றது.

"எழிலரசா!" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பெயர் அங்கே யார் வாயிலும் இல்லை. அவன் சட்டென்று திரும்பினான்.

லோயிஸ் பாடினாள். சபையின் இரண்டாம் வரிசைக் குரலில், கத்திக் கத்தி உடைந்துபோன தொண்டையில்: "நான் வந்துக்கினே கீறேன்…"

சுற்றிலும் இருந்தவர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். சுரேஷ்பாபு அவள் தோளைத் தொட்டான். "அக்கா… நுவ்வு அரவமா?"

"ஆமாண்டா. அரவந்தான்," என்றாள் தமிழில். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. அடுத்த அடியை எடுப்பதற்குள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, சுருதியைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் ரத்னம்மா எடுத்துவிட்டாள்: "நீ போய்க்கினே கீற…"

பின்னால் சீழ்க்கை அடித்தார்கள். ஊளையிட்டார்கள். யாரோ ஒரு காகிதக் கோப்பையை எறிந்தார்கள். ஆனால் மைதானத்தின் இடது மூலையில், ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஆண்குரல் அதே வரியைச் சொன்னது. அது யாரென்று லோயிஸுக்குத் தெரியாது. அப்புறம் வலது பக்கம் இரண்டு பெண்பிள்ளைகள், ஒருத்தி வாயை மற்றவள் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே. அப்புறம் பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்தவனே. அவன் முனை இறங்கிவிட்டது. அந்தப் பெரிய சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பத்துப் பேர் இருக்கலாம், அதற்குமேல் இல்லை. பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். லோயிஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் இதே கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

எழிலரசன் மைக்கின் முன்னால் வந்தான். என்ன பேசுகிறோம் என்று அவன் யோசித்த மாதிரித் தெரியவில்லை. அவன் குரல் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் வந்தது.

"இன்னாக்கா சொன்ன நேத்து?"

பன்னிரண்டு வருடத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் தமிழ்.

"பாடுன்னேன்!" என்று லோயிஸ் கத்தினாள். "பாட்டு பாடுன்னேன்டா! தமிழ்ல சொன்னேன்!"

மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். டிரம் அடிப்பவன் குச்சிகளைக் கீழே வைப்பதா கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல் பாதி வழியில் நிறுத்தியிருந்தான். பின்வரிசையில் மறுபடியும் "பாடு, பாடு" என்று ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அது எந்தப் பாடு என்று லோயிஸுக்கே சொல்லத் தெரியவில்லை. கிடார் மட்டும் யாரும் தொடாமலே அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது.

லோயிஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தாள். தேய்ந்த கறுப்பு ஷூ அந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் தூக்கியது, தயங்கியது, பெட்டிக்கு மேலே வந்து நின்றது. அவளுடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மைதானத்து மண்ணோடு வைத்து அழுத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மெதுவாக அதை எடுத்தாள்.

மேடையில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது.